வண்ணக்கூட வரிசைச் சிக்கலும் குவாண்டம் கணிமையும்: உற்பத்தி, சரக்கு நகர்வு உகப்பாக்கம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

உற்பத்தித் துறையிலும் சரக்கு நகர்வுத் துறையிலும் எழும் உகப்பாக்கச் சிக்கல்களுக்குக் குவாண்டம் கணினிகள் தீர்வாக அமையும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் பரவலாகப் பேசப்படுகிறது. இக்கருத்தின் உண்மைத்தன்மையை மோட்டார் வாகனத் தொழிற்சாலையின் வண்ணக்கூட வரிசைச் சிக்கலை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு சிறிய வரிசையை எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு கணினிக்குரிய சமன்பாடாக மாற்றப்படுகிறது என்பது படிப்படியாக விளக்கப்படுகிறது. வொல்ஃப்ஸ்பர்க், பெய்ஜிங், லிஸ்பன் ஆகிய நகரங்கள் தொடர்பாக வெளிவந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒப்பிடப்படுகின்றன. துறைசார் கலைச்சொற்களை வரையறுக்காமல் பயன்படுத்துவது ஆய்வு முடிவுகளைத் திரித்துக் காட்டக்கூடும் என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குவாண்டம் கணிமை, உகப்பாக்கம், வண்ணக்கூடச் சிக்கல், காய்ச்சி ஆற்றுதல், அண்மைநலன் முறை, அறிவியல் தமிழ்.

முன்னுரை

ஒரு தொழிற்சாலையின் இலாபமும் இழப்பும் பெரிய முடிவுகளால் மட்டும் அமைவதில்லை. எந்த வண்டி முதலில் வண்ணக்கூடத்துள் நுழைய வேண்டும், எந்தச் சரக்குந்து எந்தத் தெருவழியாகச் செல்ல வேண்டும் என்பன போன்ற சிறு முடிவுகள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் எடுக்கப்படுகின்றன. அவை ஒவ்வொன்றிலும் நேரமும் பொருளும் எரிபொருளும் அடங்கியுள்ளன. இம்முடிவுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சிறந்த ஏற்பாட்டைக் காண்பது கணிதத்தின் கடினமான பணிகளுள் ஒன்று.

குவாண்டம் கணினி இப்பணியை நொடியில் முடித்துவிடும் என்று சிலர் கூறுகின்றனர். அது வெறும் விளம்பரம் என்று வேறு சிலர் மறுக்கின்றனர். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே, வெளியிடப்பட்ட ஆய்வுகள் உண்மையில் எதனை நிறுவியுள்ளன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுச் சிக்கலும் கருதுகோளும்

குவாண்டம் கணினியைக் கொண்டு தொழிற்சாலைச் சிக்கல் ஒன்றைத் தீர்க்க முடிகிறது என்பது ஒரு கூற்று. இன்று பயன்பாட்டில் உள்ள வழக்கமான கணினியைவிட அது சிறப்பாகத் தீர்க்கிறது என்பது மற்றொரு கூற்று. முன்னது மெய்ப்பிக்கப்பட்டதனாலேயே பின்னதும் மெய்யாகிவிடாது. பொதுவான எழுத்துகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்பதும், இக்கலப்புக்குக் கலைச்சொல் தெளிவின்மையும் ஒரு காரணம் என்பதும் இவ்வாய்வின் கருதுகோள்களாகும்.

1. கலைச்சொல் வரையறை

‘உகப்பாக்கம்’ என்னும் சொல் இக்கட்டுரையில், குறிப்பிட்ட கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, இருக்கக்கூடிய ஏற்பாடுகள் அனைத்திலும் மிகச் சிறந்ததனைக் காணுதல் என்னும் பொருளில் ஆளப்படுகிறது. ‘மேம்படுத்தல்’ என்னும் சொல்லையும் இதற்கு வழங்குவதுண்டு. ஆயின், முன்பிருந்ததைவிட ஓரளவு நன்றாகச் செய்வதும் மேம்படுத்தல்தான். நூறு மாற்றங்கள் தேவைப்பட்ட இடத்தில் தொண்ணூறு போதும் எனக் கண்டால் அது மேம்படுத்தல். நாற்பதுக்குக் கீழ் எவ்வகையிலும் குறைக்க இயலாது என்னும் நிலையில் அந்த நாற்பதையே அடைந்தால் அது உகப்பாக்கம். இவ்வேறுபாடு மறைந்துவிட்டால், சிறு முன்னேற்றமும் முழுத் தீர்வாகத் தோன்றும்.

போக்குவரத்து, சேமிப்பு, வழங்கல் ஆகியவற்றை ஒருங்கே குறிக்கும் துறைக்குத் ‘தளவாடம்’ என்று எழுதுவது காணப்படுகிறது. அச்சொல் கருவிகளையும் படைக்கலங்களையும் நினைவூட்டுவதால், இங்குச் ‘சரக்கு நகர்வு’ என்பதே கொள்ளப்படுகிறது.

ஒவ்வொரு படியிலும் அப்போதைக்கு நல்லதாகத் தோன்றுவதையே தேர்ந்து செல்லும் கணிப்பு முறை ஒன்றுண்டு. அதனைப் ‘பேராசை முறை’ என மொழிபெயர்த்தால் அறம் சார்ந்த குற்றம் ஒன்று அதன்மீது ஏறிவிடுகிறது. அம்முறையின் குறை பின்விளைவை நோக்காமையே ஆதலின், ‘அண்மைநலன் முறை’ என்னும் தொடர் இங்கு ஆளப்படுகிறது. குவாண்டம், பிட், கியூபிட் ஆகியன வழக்கில் நிலைபெற்றுவிட்டமையால் அவ்வாறே எழுதப்படுகின்றன.

2. உகப்பாக்கத்தின் கடினத்தன்மை

ஒரு விற்பனையாளர் பத்து ஊர்களுக்கு ஒருமுறை சென்று, புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும் எனக் கொள்வோம். செல்லும் திசையைப் பொருட்படுத்தாவிடில், அவருக்கு 1,81,440 சுற்றுவழிகள் உள்ளன. ஊர்களின் எண்ணிக்கை இருபது ஆகும்போது, அவ்வெண் அறுநூறு கோடி கோடியையும் கடந்துவிடுகிறது. ஊர்கள் இருமடங்கானால் வழிகள் இருமடங்காவதில்லை. எண்ணிப் பார்க்க இயலாத அளவுக்குப் பெருகுகின்றன. ரிச்சர்ட் கார்ப் 1972இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வியல்புடைய 21 சிக்கல்கள் ஒன்றோடொன்று தொடர்புடையன என்று நிறுவினார். இவற்றுள் ஒன்றுக்கு விரைவான பொதுத்தீர்வு கிடைத்தால் அனைத்துக்கும் கிடைத்துவிடும். இன்றுவரை அத்தகைய தீர்வு எதுவும் காணப்படவில்லை. இல்லை என்றும் நிறுவப்படவில்லை.

எனினும், கடினம் என்பதற்கு இயலாது என்பது பொருளன்று. டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவரும் 1954இல் 49 நகரங்களுக்குரிய மிகச் சிறந்த சுற்றுவழியைக் கண்டனர். 2006இல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு சுற்றுவழிச் சிக்கல் முற்றாகத் தீர்க்கப்பட்டது. இவை வழக்கமான கணினிகளின் சாதனைகள். குவாண்டம் கணினியோடு ஒப்பிடப்பட வேண்டியது, எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் கற்பனைக் கணினி அன்று. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செம்மையுற்ற இத்தகைய முறைகளே ஆகும்.

3. வண்ணக்கூடச் சிக்கல்

மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் வண்டியின் உடற்கூடு வண்ணக்கூடத்துள் ஒரு வரிசையாக நுழைகிறது. மேற்பூச்சுக்குமுன் அடிப்பூச்சு ஒன்று தெளிக்கப்படுகிறது. மேற்பூச்சில் நிறங்கள் பல இருப்பினும், அடிப்பூச்சுக்கு இரண்டு நிறங்களே போதும்: வெளிர்நிற வண்டிகளுக்கு வெள்ளை, அடர்நிற வண்டிகளுக்குக் கறுப்பு. அடுத்தடுத்து வரும் இரு வண்டிகளின் அடிப்பூச்சு வேறுபட்டால், தெளிப்புக் குழலைக் கழுவ வேண்டும், எஞ்சிய வண்ணம் வீணாகும், கரைப்பானும் செலவாகும். ஆகவே, நிறமாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பொருட்செலவையும் கழிவையும் ஒருசேரக் குறைப்பதாகும்.

வரிசையை விருப்பம்போல் மாற்றி அடுக்கலாமே என்னும் ஐயம் எழலாம். பிற பிரிவுகளின் தேவைக்கேற்ப உடற்கூடுகளின் வரிசை முன்பே அமைந்துவிடுகிறது. ஒரே வகை உடற்கூடுகளுள் எதற்கு எந்த நிறம் என்று தீர்மானிக்கும் உரிமை மட்டுமே எஞ்சுகிறது.

இதன் எளிய வடிவத்தில் ஒவ்வொரு வகை வண்டியும் வரிசையில் இருமுறை வரும். ஒன்றுக்கு வெள்ளை, மற்றொன்றுக்குக் கறுப்பு. அ, ஆ, இ என்னும் மூவகை வண்டிகள் பின்வரும் வரிசையில் வருவதாகக் கொள்வோம்:

அ – ஆ – அ – இ – இ – ஆ

அண்மைநலன் முறை, கட்டாயம் ஏற்படும்வரை நிறத்தை மாற்றாது. முதல் அ வெள்ளை. அடுத்து வரும் ஆ வெள்ளை. இரண்டாம் அ கறுப்பாகவே இருந்தாக வேண்டும். முதல் இ கறுப்பு. இரண்டாம் இ வெள்ளை. இறுதி ஆ கறுப்பு. ஆக, நிறமாற்றங்கள் மூன்று.

இனி, தொடக்கத்திலேயே ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொள்வோம். முதல் அ வெள்ளை. அடுத்து வரும் ஆ கறுப்பு. இரண்டாம் அ கறுப்பு. முதல் இ கறுப்பு. இரண்டாம் இ வெள்ளை. இறுதி ஆ வெள்ளை. இப்போது நிறமாற்றங்கள் இரண்டே. முதலிரு வண்டிகளுக்கிடையே தேவையற்றதாகத் தோன்றிய மாற்றமே முடிவில் ஒரு மாற்றத்தை மிச்சப்படுத்தியது. அண்மைநலன் முறையின் வரம்பு இவ்வெடுத்துக்காட்டில் தெளிவாகப் புலனாகிறது.

மூன்று வகைகளுக்கு எட்டுத் தெரிவுகளே உள்ளமையால் அனைத்தையும் எழுதிப் பார்த்துவிடலாம். நூறு வகைகளாயின், தெரிவுகளின் எண்ணிக்கை 31 இலக்கங்கள் கொண்டதாகிவிடும்.

4. சிக்கலைச் சமன்பாடாக்குதல்

குவாண்டம் கணினிக்கு வண்டியும் வண்ணமும் தெரியா. சிக்கலை அதற்குரிய வடிவில் மொழிபெயர்த்துத் தர வேண்டும். காந்தப்பொருள்களை விளக்க எர்னஸ்ட் ஐசிங் 1925இல் ஆராய்ந்து வெளியிட்ட மாதிரி இதற்குப் பயன்படுகிறது. அம்மாதிரியில் ஒவ்வொரு துகளும் +1 அல்லது −1 என்னும் இரு நிலைகளுள் ஒன்றில் இருக்கும். அண்டைத் துகள்கள் ஒத்திருக்கின்றனவா, மாறுபடுகின்றனவா என்பதைப் பொறுத்து முழு அமைப்பின் ஆற்றல் கூடும் அல்லது குறையும்.

ஒரு வகையின் முதல் வண்டி வெள்ளையானால் அவ்வகைக்கு +1 எனவும் கறுப்பானால் −1 எனவும் மதிப்பிடுவோம். இரண்டாம் வண்டிக்கு எதிர்மதிப்பு தானே அமைந்துவிடும். மேற்கண்ட வரிசையின் ஐந்து அண்டை இணைகளையும் நோக்கினால் பின்வருவன தெரியவருகின்றன.

முதல் இணையில் அ, ஆ ஆகியவற்றின் மதிப்புகள் வேறுபட்டால் மாற்றம் நிகழும். இரண்டாம் இணையில் அவை ஒத்தால் மாற்றம் நிகழும். ஆகவே, இவ்விரு இணைகளிலும் சேர்த்து எப்போதும் ஒரு மாற்றம் உண்டு. நான்காம் இணையில் இ அடுத்தடுத்து வருவதால் மாற்றம் தவிர்க்க இயலாதது. எஞ்சிய இரண்டே நம் தெரிவைச் சார்ந்தவை: அ, இ ஆகியன ஒத்தால் மூன்றாம் இணையில் மாற்றம்; ஆ, இ ஆகியன வேறுபட்டால் ஐந்தாம் இணையில் மாற்றம். இவற்றைத் தொகுத்தால்,

நிறமாற்றங்கள் = 3 + (அ × இ − ஆ × இ) ÷ 2

என்பது கிடைக்கிறது. அ = +1, ஆ = −1, இ = −1 எனப் பொருத்தினால் விடை 2. அண்மைநலன் முறையின் தெரிவான அ = +1, ஆ = +1, இ = −1 என்பதைப் பொருத்தினால் விடை 3. இச்சமன்பாட்டின் மதிப்பை ஆற்றலாகக் கருதினால், மிகக் குறைந்த ஆற்றல் நிலையே மிகச் சிறந்த வண்ண ஒதுக்கீடு ஆகும். தொழிற்சாலைச் சிக்கல் இயற்பியல் சிக்கலாக மாறும் இடம் இதுவே.

5. காய்ச்சி ஆற்றும் முறை

உலோகத்தைக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் அதனுள் உள்ள அணுக்கள் ஒழுங்குற அமைந்து குறைந்த ஆற்றல் நிலையை அடைகின்றன. விரைந்து குளிரச் செய்தால் ஒழுங்கின்மை உள்ளே உறைந்துவிடும். கொல்லர் அறிந்த இவ்வுண்மையைக் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகியோர் 1983இல் கணிப்பு முறையாக்கினர். தொடக்கத்தில் தவறான தெரிவுகளையும் ஓரளவு ஏற்று, பின்னர்ப் படிப்படியாகக் கண்டிப்பை மிகுத்துச் செல்வதே அம்முறையின் சாரம். முன்கண்ட எடுத்துக்காட்டில் தொடக்கச் செலவை ஏற்றது பயன்தந்தமையை இங்கு ஒப்புநோக்கலாம்.

கடோவாகி, நிஷிமோரி ஆகிய இருவரும் 1998இல் இதன் குவாண்டம் வடிவத்தை முன்வைத்தனர். இதில் வெப்ப ஏற்ற இறக்கத்தின் இடத்தைக் குவாண்டம் ஏற்ற இறக்கம் பெறுகிறது. வெப்பவழியில், ஆற்றல்மேட்டின்மேல் ஏறி இறங்கினால்தான் அடுத்த பள்ளத்தை அடைய முடியும். குவாண்டம் வழியில், மேடு உயரமாயினும் மெல்லியதாக இருப்பின் அதனை ஊடுருவிச் செல்லும் வாய்ப்புண்டு. இம்முறையில் இயங்கும் கணினிகளைக் கனடாவின் டி-வேவ் நிறுவனம் 2011 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றின் சில்லு தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்விக்கப்படுகிறது.

இங்கு ஒரு நடைமுறைத் தடை உள்ளது. சமன்பாட்டில் எந்த மாறியும் எந்த மாறியோடும் தொடர்புகொள்ளலாம். சில்லில் அவ்வாறன்று. 2,048 கியூபிட் கொண்ட 2000கியூ என்னும் கணினியில் ஒரு கியூபிட் அதிகபட்சம் ஆறு கியூபிட்டுகளோடு மட்டுமே இணைந்திருந்தது. 2020இல் வெளிவந்த அட்வாண்டேஜ் கணினியில் கியூபிட்டுகள் 5,000ஐக் கடந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிய இணைப்புகள் பதினைந்தாயின. இவ்வெல்லையை மீறிய தொடர்பு தேவைப்படும்போது பல கியூபிட்டுகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரே மாறியாகக் கொள்ள வேண்டும். இதனால் விளம்பரத்தில் காணும் கியூபிட் எண்ணிக்கையும் உண்மையில் கையாளத்தக்க மாறிகளின் எண்ணிக்கையும் ஒன்றாவதில்லை.

6. வொல்ஃப்ஸ்பர்க் ஆய்வின் முடிவு

ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் நகரிலுள்ள தொழிற்சாலையின் உண்மைத் தரவுகளைக் கொண்டு வண்ணக்கூடச் சிக்கலை ஆராய்ந்த கட்டுரையொன்று 2021இல் வெளிவந்தது. அதில் ஒரு வகை வண்டி இருமுறைதான் வரும் என்னும் எளிமைப்படுத்தல் கைவிடப்பட்டது. ஒரு வகையில் எத்தனை வண்டிகளும் வரலாம். அவற்றுள் இத்தனைக்குக் கறுப்பு என்பது மட்டும் கட்டளை. இக்கட்டளையை மீறும் விடைகளுக்குத் தண்டமாகக் கூடுதல் ஆற்றல் சேர்க்கப்படுகிறது. அதனால் ஒரே வகை வண்டிகள் அனைத்தும் சமன்பாட்டில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. முற்பகுதியில் சுட்டிய இணைப்புத் தடை இங்கு எவ்வளவு இன்றியமையாததாகிறது என்பது வெளிப்படை.

அவ்வாய்வில் இரு தலைமுறை டி-வேவ் கணினிகளும், குவாண்டத்தையும் வழக்கமான கணிப்பையும் இணைத்த கலப்பு முறையும், வழக்கமான முறைகளும் ஒப்பிடப்பட்டன. சிறிய வரிசைகளுக்குக் குவாண்டம் கணினிகள் நன்கு பொருந்தின. இடைநிலை வரிசைகளுக்குக் கலப்பு முறை பொருந்தியது. வரிசை மிகப் பெரிதானபோது, இவற்றின் திறன் எளிய அண்மைநலன் முறையின் திறனை அணுகிவிட்டது. அதாவது, மூன்று வகை வண்டிகளிலேயே தோல்வியுறுவதாக நாம் கண்ட முறைக்கும், பெரும் பொருட்செலவில் உருவான கணினிக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ இல்லாமற் போயிற்று. இம்முடிவை ஆய்வாளர்கள் மறைக்காமல் ஆய்வுச் சுருக்கத்திலேயே கூறியிருப்பது பாராட்டத்தக்கது.

7. சாலைப் போக்குவரத்து: பெய்ஜிங், லிஸ்பன்

சரக்கு நகர்வுக்கு நெருங்கிய சான்றாக 2017இல் ஃபோக்ஸ்வாகன் ஆய்வாளர்கள் செய்த பெய்ஜிங் ஆய்வு அமைகிறது. நகரின் மையத்துக்கும் வானூர்தி நிலையத்துக்கும் இடையே சென்ற 418 வாடகைக் கார்களுக்குத் தலா மூன்று வழிகள் கொள்ளப்பட்டன. ஒரே சாலைப்பகுதியில் நெரிசல் ஏற்படாதவாறு ஒவ்வொரு காருக்கும் ஒரு வழியைத் தேர்வதே சிக்கல். இதனால் 1,254 மாறிகள் எழுந்தன. சில்லில் முழுச் சிக்கலும் அடங்காமையால், அதனைத் துண்டுகளாகப் பிரித்துத் தீர்க்கும் கலப்பு முறை கையாளப்பட்டது. இது முன்பே பதிவான தரவுகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு. சாலையில் கார்களைத் திருப்பியது அன்று.

2019 நவம்பரில் லிஸ்பன் நகரில் நடைபெற்ற தொழில்நுட்ப மாநாட்டின்போது ஒன்பது பேருந்துகளுக்கு இத்தகைய முறையில் நேரலையாக வழிகாட்டப்பட்டது. ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, சாலையின் நெரிசலோடும் கால நெருக்கடியோடும் குவாண்டம் கணினி இணைந்து இயங்க முடியும் என்பதை இது காட்டியது. அவ்வகையில் இது முதன்மையான முயற்சியே. ஆயினும், ஒன்பது பேருந்துகளுக்குரிய சிக்கலை வழக்கமான கணினியும் தீர்த்துவிடும். எனவே, இந்நிகழ்வு இயலுமையை மெய்ப்பித்ததேயன்றி மேன்மையை மெய்ப்பிக்கவில்லை.

8. வாயில்வகைக் கணினிகள்

காய்ச்சி ஆற்றும் வகையன்றி, தருக்க வாயில்களால் இயங்கும் பொதுவகைக் குவாண்டம் கணினிகளும் உள்ளன. இவற்றுக்குரிய தேடல் படிமுறையை லவ் குரோவர் 1996இல் கண்டார். அது தரும் விரைவு இருமடி அளவினது: 2^60 வாய்ப்புகளுக்கிடையே தேடும் பணி ஏறத்தாழ 2^30 படிகளாகக் குறையும். இது பெரிய சேமிப்பே. எனினும், படிகளின் எண்ணிக்கை சிக்கலின் அளவோடு அடுக்கடுக்காகப் பெருகும் இயல்பு மாறவில்லை. குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சரியானதைத் தந்துவிடும் என்னும் பரவலான விளக்கம் தவறானது என்பதற்கு இதுவே போதிய சான்று. விடைகள் மேற்பொருந்திய நிலையில் இருக்கலாம். அளந்து பார்க்கும்போது ஒன்றுதான் கிடைக்கும்.

ஃபாரி, கோல்ட்ஸ்டோன், கட்மன் ஆகியோர் 2014இல் தோராய உகப்பாக்கத்துக்கென ஒரு குவாண்டம் படிமுறையை முன்வைத்தனர். எளிய வண்ணக்கூடச் சிக்கலில் அம்முறை, வரிசை மிக நீளும்போது, வழக்கமான தோராய முறைகளைச் சராசரியில் விஞ்சும் என்று 2021இல் மற்றோர் ஆய்வு காட்டியது. வகைகளின் எண்ணிக்கை n எனில், முதல் வண்டிக்கு எப்போதும் ஒரே நிறம் தரும் முறையில் சராசரியாக 2n/3 மாற்றங்களும், அண்மைநலன் முறையில் n/2 மாற்றங்களும், அதனினும் நுட்பமான மீள்சுழல் முறையில் 2n/5 மாற்றங்களும் நேரும் என்பது கணிதத்தில் அறியப்பட்டது. இவற்றோடு ஒப்பிட்டுப் பேசுவதால் இவ்வாய்வின் கூற்று அளவிடத்தக்கதாகிறது. ஆயினும், உண்மைக் கணினியில் அவர்கள் இயக்கிப் பார்த்தவை மிகச் சிறிய வரிசைகளே. நீண்ட வரிசைகளுக்குப் பிழையின்றி இயங்கும் கணினி தேவை.

9. மதிப்பீட்டு அளவுகோல்கள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து, இத்துறையில் வரும் கூற்றுகளை மதிப்பிட நான்கு வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஒப்பீடு எம்முறையோடு செய்யப்பட்டது? இரண்டாவது, சிக்கலின் அளவு தொழிற்சாலையின் உண்மை அளவா, ஆய்வகத்துக்கெனச் சுருக்கப்பட்டதா? மூன்றாவது, கலப்பு முறையாயின் விடைக்குக் குவாண்டம் பகுதி ஆற்றிய பங்கு எவ்வளவு? நான்காவது, சிக்கலைச் சமன்பாடாக்கவும் சில்லில் பொருத்தவும் ஆகும் நேரம் கணக்கில் சேர்க்கப்பட்டதா?

இவ்வினாக்களை எழுப்பக் குவாண்டம் இயற்பியலில் புலமை தேவையில்லை. கூற்றைக் கூர்ந்து படிக்கும் பழக்கமும் சொற்பொருள் தெளிவும் போதும். மொழித்துறை ஆய்வாளர் இத்துறைக்கு ஆற்றக்கூடிய பணியும் இங்கேதான் உள்ளது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• உற்பத்தி, சரக்கு நகர்வுச் சிக்கல்களைக் குவாண்டம் கணினிக்குரிய வடிவில் அமைக்க முடியும் என்பதும், சிறிய அளவில் தீர்க்க முடியும் என்பதும் நிறுவப்பட்டுள்ளன.

• இங்கு எடுத்துக்கொண்ட சான்றுகளில், தொழிற்சாலையின் முழு அளவில் வழக்கமான முறைகளைவிடக் குவாண்டம் கணினி மேம்பட்டது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. வொல்ஃப்ஸ்பர்க் ஆய்வு அதற்கு மாறான போக்கையே காட்டுகிறது.

• கியூபிட் எண்ணிக்கையோடு அவற்றுக்கிடையேயான இணைப்புகளும் பிழையின்மையும் திறனைத் தீர்மானிக்கின்றன.

• சிக்கலைச் சமன்பாடாக்கும் முயற்சி வீண்போவதில்லை. எந்த மாற்றம் தவிர்க்க இயலாதது, எது நம் தெரிவுக்கு உட்பட்டது என்பதை அதுவே பிரித்துக் காட்டுகிறது. இப்பயன் வழக்கமான கணினிக்கும் உரியது.

• ‘உகப்பாக்கம்’, ‘மேம்படுத்தல்’ என்னும் சொற்களை வேறுபடுத்தி வழங்குவதும், ‘இயலும்’ என்பதையும் ‘விஞ்சும்’ என்பதையும் பிரித்து எழுதுவதும் அறிவியல் தமிழுக்கு இன்றியமையாதவை.

குவாண்டம் கணினியின் எதிர்காலம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால், அதன் நிகழ்காலத்தைத் தமிழில் சரியாக எழுதுவது நம் எல்லைக்கு உட்பட்டதே. மருத்துவப் பொருள் கண்டுபிடிப்பு, நிதித்துறை ஆகியவற்றில் எழும் இத்தகைய கூற்றுகளையும் மேற்கண்ட நான்கு வினாக்களால் ஆராய இடமுண்டு.